நியோனா, டைகரா, செரி பார்ப்பா? மட்டக்களப்பு வீட்டுத் தொட்டிக்கு எந்த மீன் கூட்டம்

களுவாஞ்சிக்குடியிலிருந்து மருமகன் போன் எடுத்தான். "மாமா, ரெண்டடித் தொட்டி ஒண்டு வாங்கிட்டன். பத்து நியோன் போடவா, பத்து டைகர் போடவா?" பின்னால் என் தங்கையின் குரல்: "முதல்ல தொட்டிய எங்க வைக்கிறெண்டு மாமாட்ட கேளு மனே."

தங்கைக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் கேட்டதுதான் முதல் கேள்வி.

இந்த வருடம் இதே சந்தேகத்தோடு வேறு மூன்று பேரும் கதைத்துவிட்டார்கள். எல்லோரும் நிறத்தில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கல்லடி வீட்டில் வைத்த முதல் தொட்டிக்கு 12 நியோன் வாங்கி வந்து, கிணற்றுத் தண்ணீரில் விட்டு, நாலாம் நாள் எண்ணிப் பார்த்தபோது மூன்று இருந்தது. மீன் கடைக்காரரை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அவருடைய பிழை பாதிகூட இல்லை. கிணறு, கூரை, என் அவசரம் மூன்றும் சேர்ந்து அந்த ஒன்பதையும் கொன்றன.

ஆகவே மீனுக்குப் போகுமுன் எதை வைத்து மீனைத் தெரிவு செய்வது என்பதைப் பார்த்துவிடுவோம்.

## எதை வைத்துத் தெரிவு செய்வது

தண்ணீர். வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் பட்டியில் நம்மில் பாதிப்பேர் வாழ்கிறோம். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வரும். ஆனால் அந்த நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கும் ஒரு மெல்லிய அடுக்கு. மாரி முடிந்த கையோடு இனிக்கிற கிணறு, ஆடி ஆவணியில் உவர்க்கத் தொடங்கும். மோட்டர் போட்டு இழுக்க இழுக்கக் கீழே கிடக்கும் உப்பு மேலே ஏறும். மணலோடு சிப்பித் துண்டும் கலந்து கிடப்பதால் சுண்ணாம்பும் கரைந்து வரும். உங்கள் வீட்டில் சவர்க்காரம் நுரைக்க மறுக்கிறதா? கேத்தலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கிறதா? அப்படியென்றால் அது கடின நீர். சோதனைப் பெட்டி வாங்காமலே பாதி விடை கிடைத்துவிட்டது. வாயில் வைத்தால் உப்புக் கரிக்கிற தண்ணீர் என்றால் அது வேறு கதை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கரையோரக் கிணற்றைவிட மென்மையானது. அதில் உள்ள வில்லங்கம் குளோரின். வாளியில் பிடித்து, ஒரு நாள் முழுக்க எயார் பம்ப் ஓடவிட்டு ஊற்றினால் போதும். அவசரமென்றால் கடையில் விற்கும் குளோரின் நீக்கி மருந்து சில துளி. வெள்ளக் காலத்தில் மட்டும் கிணற்றுக்காரர்களுக்கும் இது பொருந்தும். வெள்ளம் வடிந்ததும் கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த நாள் அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, மீனுக்கு என்ன நோய் என்று கேட்பவர்கள் உண்டு.

சூடு. தொட்டித் தண்ணீர் அறையின் சூட்டைத்தான் பின்தொடரும். என் வீட்டுக் கூடத்தில், அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே, ஆனி மாதத்து மூன்று மணிக்கு வெப்பமானி 31 பாகை காட்டியது. ஓட்டு வீட்டில், வடக்குச் சுவரோரம், அதே நேரம் இரண்டு மூன்று பாகை குறையலாம். 25 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீர் ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் ஒட்சிசன் பிடித்து வைக்கும். 30 பாகையில் 7.6 தான். குறைவு சின்னதாகத் தெரிகிறது. ஆனால் சூட்டில் மீனின் உடல் வேகமாக ஓடுவதால் அதற்கு வேண்டிய ஒட்சிசன் கூடிவிடும். மற்றது, கழிவிலிருந்து வரும் அமோனியா, தண்ணீர் சூடாகவும் காரமாகவும் இருந்தால் இன்னும் நஞ்சாகும். நம் கிணற்று நீர் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் சாயும். என் நியோன்கள் போன வழி இதுவே.

நீளம். 2 அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி விளிம்பு மட்டும் நிரப்பினால் சுமார் 56 லீற்றர். அதில் ஒரு கூட்டம். அடியில் சின்னதாக இன்னொன்று. அதற்கு மேல் வேண்டாம். எல்லா மீனிலும் சோடி சோடியாக வாங்குவதுதான் இங்கே நான் அதிகம் காணும் பிழை. கூட்டத்தில் வாழும் மீன் இரண்டாக நின்றால் ஒன்று மூலையில் ஒளியும், அல்லது மற்றதைக் கடிக்கும். ஆறு என்பது ஆகக் குறைந்த எண்ணிக்கை. பத்து இருந்தால்தான் அவற்றின் சுபாவம் தெரியும்.

கூட்டம் எப்படிப்பட்டது. ஒரே அலையாகத் திரும்பும் கூட்டத்தைக் காணொளியில் பார்த்துவிட்டு வருகிறார்கள். வீட்டுத் தொட்டியில் பெரும்பாலான மீன்கள் பயந்தால்தான் அப்படி நெருங்கி நிற்கும். புதிதாக விட்ட இரண்டு நாளும் அலை அலையாக ஓடும். பழகியதும் ஆளுக்கொரு பக்கம் மேயப் போய்விடும். அது நல்ல அறிகுறி. அதைப் பார்த்து "கூட்டம் கலைஞ்சு போச்சு" என்று கவலைப்படாதீர்கள்.

யாரோடு வாழும், சொல்லாத செலவு என்ன என்கிற இரண்டையும் ஒவ்வொரு மீனோடும் சேர்த்தே பார்க்கலாம்.

## நியோனும் கார்டினலும்

அழகில் போட்டியே இல்லை. இரண்டும் டெட்ரா இனத்து, அமேசன் பக்கத்து மீன்கள், நீல வரியும் சிவப்பு வரியும். நியோனில் சிவப்பு வயிற்றின் நடுவிலிருந்து வால் வரைதான். கார்டினலில் தலையிலிருந்தே தொடங்கும். கடையில் இரண்டையும் கலந்து விற்பார்கள், அதனால் சிவப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்த்து வாங்குங்கள்.

இந்த வித்தியாசம் நிறத்தோடு முடிவதில்லை. நியோனுக்கு 20 முதல் 26 பாகை வரை சுகம். நம் ஊரில் மார்கழி, தை தவிர்த்து அந்தக் குளிர் கிடைக்காது. கார்டினல் பிரேசிலின் ரியோ நீக்ரோ பக்கத்து மீன். பிளேன்ரீ நிறத்தில் ஓடும் வெதுவெதுப்பான ஆறு அது; அதனால் 28, 29 பாகையை அது பொறுத்துக்கொள்ளும். ஆகவே சூட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் கார்டினல் கொஞ்சம் விலை கூடினாலும் அதுவே இலாபம்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். அந்த ஆறுகளில் சுண்ணாம்பு இல்லையென்றே சொல்லலாம். நாட்டு வாதுமைச் சருகு போட்டால் தண்ணீர் ஆற்று நிறத்துக்கு வரும், மீனும் அமைதியாகும். ஆனால் கடின நீரை அது மென்மையாக்காது. மழைத்தண்ணீர்தான் வழி. மாரியில் முதல் இரண்டு மூன்று மழை கூரையைக் கழுவ விட்டுவிட்டு, பிறகு பிடியுங்கள். கணக்கைப் பாருங்கள்: 2 அடித் தொட்டியில் கிழமைக்குக் கால்பங்கு மாற்றினால் 14 லீற்றர். அதில் பாதி மழைத்தண்ணீர் என்றால் 7 லீற்றர். மழையில்லாத 30 கிழமைக்கு 210 லீற்றர், அதாவது ஒரு பெரிய நீல பரல். பரலை வலை போட்டு இறுக்கி மூடாவிட்டால் நுளம்புப் புழு வரும். டெங்குப் பரிசோதனைக்கு வருபவர்கள் உங்கள் டெட்ராவுக்காக இரக்கப்பட மாட்டார்கள். முழுக்க முழுக்க மழைத்தண்ணீர் ஊற்றுவதும் பிழை. தாங்கிப் பிடிக்க உப்புகள் இல்லாத தண்ணீரில் பீஎச், அதாவது அமில கார அளவு, திடீரென்று விழும்.

அடுத்த செலவு ஃபேன். தண்ணீரின் மேல் காற்று பட ஒரு சின்ன ஃபேன் வைத்தால் ஆவியாகும்போது இரண்டு மூன்று பாகை இறங்கும். கச்சான் அடிக்கும் காலத்தில் காற்று வறண்டிருப்பதால் இது நன்றாகவே வேலை செய்யும். கடற்காற்று ஈரமாக வீசும் நாட்களில் அவ்வளவில்லை. ஆனால் ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர் மட்டும். சுண்ணாம்பும் உப்பும் தொட்டியிலேயே தங்கும். குறைந்த அளவைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே வந்தால் இரண்டு மாதத்தில் கடினம் ஏறிவிடும். நிரப்புவதற்கும் மழைத்தண்ணீர்தான். ஐஸ் போத்தல் மிதக்கவிடும் பழக்கத்தையும் விடுங்கள்; மத்தியானம் 26, இரவு 30 என்று ஆட்டுவதைவிட ஒரே 29இல் நிற்பது நல்லது.

ஏஞ்சல் மீன் வைத்திருப்பவர்கள் நியோன் பக்கமே போக வேண்டாம். குட்டி ஏஞ்சலோடு ஆறு மாதம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு ஒரு காலையில் எண்ணிக்கை குறையும்.

குழாய்த் தண்ணீர், ஓட்டு வீடு, ஒரு பரல் மழைத்தண்ணீர், பொறுமை இந்த நாலும் உள்ளவருக்குக் கார்டினல். கிணற்றுத் தண்ணீரும் தகரக் கூரையும் உள்ளவருக்கு இரண்டுமே வேண்டாம்.

## செரி பார்ப்பும் புலத் ஹப்பயாவும்

செரி பார்ப்பை வெளிநாட்டு மீன் என்று நினைத்து வாங்குபவர்கள்தான் அதிகம். அது இலங்கைக்கே உரிய மீன். உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. களனி கங்கையிலிருந்து நில்வளா கங்கை வரை, தென்மேற்கு ஈரவலயத்துச் சின்ன ஓடைகளில், இலைச்சருகு கிடக்கும் நிழலில் வாழ்வது. சிங்களத்தில் "லே திட்டெயா" என்பார்கள். லே என்றால் இரத்தம். 1929இல் விலங்கியலாளர் பி. ஈ. பி. தெரணியகல இதை விபரித்தபோது அந்தச் சிங்களப் பெயரையே விஞ்ஞானப் பெயரில் சேர்த்துவிட்டார்.

அதே ஓடைகளின் இன்னொரு மீன் பிளக் ரூபி பார்ப். சிங்களப் பெயர் "புலத் ஹப்பயா", அதாவது வெற்றிலை சப்புகிறவன். ஆண் மீனுக்குக் காதல் வந்தால் உடம்பு கறுத்து, தலை மட்டும் வெற்றிலைச் சாறு துப்பிய மாதிரிச் சிவக்கும். எங்கள் பெத்தாவின் வாயைப் பார்த்தவர்களுக்குப் பெயர்க் காரணம் சொல்லத் தேவையில்லை.

இரண்டுமே சண்டை பிடிக்காதவை. செரி பார்ப் 5 சென்ரிமீற்றர் வரைதான் வளரும், கப்பியோடும், அடியில் மேயும் கொரியோடும் (கொரிடோராஸ்) ஒத்துப்போகும், 2 அடித் தொட்டி போதும். தொட்டியில் வளர்த்தெடுத்தவை மிதமான கடின நீரைத் தாங்குகின்றன. கரையோரத்துக் கடுங்கிணறு என்றால் இவற்றுக்கும் குழாய்த் தண்ணீரோ மழைத்தண்ணீரோ கலக்க வேண்டும். ஆனால் டெட்ரா அளவுக்குக் கண்டிப்பு இல்லை.

குறையையும் சொல்ல வேண்டும். முதலாவது, இது அலையாக ஓடும் மீன் அல்ல. கூட்டமாக ஒரே இடத்தில் மேயும், அவ்வளவுதான். இரண்டாவது, செடியில்லாத வெறும் தொட்டியில் வெளிறிப்போய் மூலையில் நிற்கும். ஆகவே செடிதான் இதன் சொல்லாத செலவு: செடி, அதற்கு விளக்கு, மேலே மிதக்கிற பாசி கொஞ்சம். மூன்றாவது, கடையில் சிவந்த ஆண் மீன்களை மட்டும் பொறுக்கி வாங்கினால் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கும். ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்று எடுங்கள். பெண் மீன் மண்ணிறமாக, பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும்; அது இருந்தால்தான் ஆண் சிவக்கும். நாலாவது, நிழலோடை மீனுக்கு 30 பாகை நெடுநாள் ஆகாது. 27க்குள் வைத்திருப்பது நல்லது. ஆனி ஆடியில் ஃபேன் வேண்டும்.

## சீப்ரா டானியோ

கங்கைச் சமவெளியின் மீன். அங்கே ஓடையிலும் வயல் வாய்க்காலிலும் வாழ்வது. வயலில் தண்ணீர் வெயிலில் கொதித்தாலும் கலங்கினாலும் அதற்குப் பழக்கம். உலகம் முழுக்க ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படும் மீனும் இதுதான். கடின நீர், மென் நீர், 20 பாகை, 30 பாகை எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும். நெடுக 30க்கு மேலே வைத்தால் ஆயுள் குறையும். ஆனால் நியோனைப் போல நாலு நாளில் கையை விரிக்காது. கிணற்றுத் தண்ணீர் வீட்டுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இது.

உண்மையாகவே கூட்டமாக ஓடுகிற மீன். மேல்மட்டத்தில் பத்துச் சீப்ரா ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு ஓடுவதைப் பார்த்தால் கல்லடிப் பாலத்தில் பாடசாலை விட்ட நேரம் மாதிரி இருக்கும். அதனால்தான் உருவம் சின்னதாக இருந்தாலும் 3 அடி நீளம் கேட்கிறது. 2 அடியில் வைக்கலாம், ஆனால் அது ஓடிக் களைக்காது, பக்கத்தில் உள்ளவர்களைக் களைக்க வைக்கும். ஏஞ்சல், குராமி, நீளவால் கப்பி போன்ற மெதுவான மீன்கள் இரை எடுக்கப் போகுமுன் சீப்ரா எல்லாவற்றையும் முடித்துவிடும்.

செலவு என்று பார்த்தால் மூடி. கண்ணாடித் துண்டோ வலைச் சட்டமோ, இடுக்கு இல்லாமல் மூட வேண்டும். எயார் குழாய் போக விட்ட ஒரு அங்குல இடைவெளியால் ஒன்று பாய்ந்து, மூன்று நாள் கழித்துக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் நெத்தலிக் கருவாடாகக் கிடந்ததை நானே எடுத்திருக்கிறேன்.

நிறம் போதாது என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், கடைத் தொட்டியில் பார்த்தால் சாம்பலும் நீலமும்தான். வீட்டில் கறுப்பு மணலும் பின்பக்கம் கறுப்புக் கடதாசியும் வைத்துப் பாருங்கள், வரிகளின் ஓரத்தில் பொன் தெரியும்.

## டைகர் பார்ப்

மருமகன் கேட்ட இரண்டாவது பெயர். கறுப்புப் பட்டை, செம்மஞ்சள் செட்டை, சுறுசுறுப்பு எல்லாம் சரி. தண்ணீரிலும் சூட்டிலும் டெட்ராவைவிடத் தைரியசாலி. பிரச்சினை வாயில்தான். எதிரே நீளமாக ஏதாவது ஆடினால் கடித்துப் பார்க்காமல் விடாது. ஒரு தடவை ஐந்து டைகரைக் கப்பித் தொட்டியில் விட்டேன். மறுநாள் ஆண் கப்பிகளின் வால் பழைய துடைப்பம் போல நின்றது.

ஐந்து வாங்கியதும் பிழைதான். டைகர் பத்து, பன்னிரண்டாக இருந்தால் தங்களுக்குள்ளேயே மேல் கீழ் பார்த்துச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும், மற்ற மீனைக் கடிப்பது பெருமளவு குறையும். பன்னிரண்டுக்கு 3 அடித் தொட்டியாவது வேண்டும், ஒவ்வொன்றும் 6, 7 சென்ரிமீற்றர் வளரும். ஆகவே இதன் உண்மையான விலை, இதற்குப் பிறகு நீங்கள் ஆசைப்பட்டும் வாங்க முடியாத மீன்களின் பட்டியல்: கப்பி இல்லை, ஏஞ்சல் இல்லை, ஃபைட்டர் இல்லை, குராமி இல்லை. டைகருக்கென்றே ஒரு தொட்டி என்று முடிவெடுப்பவருக்கு அருமையான மீன். "எல்லாம் கலந்து அழகாய் இருக்கட்டும்" என்பவருக்கு ஆகவே ஆகாது.

## இன்னும் சில

ஹார்லிகுயின் ரஸ்போரா. செப்பு உடம்பில் கறுப்பு முக்கோணம். மலேசியா, சுமாத்திரா பக்கத்தது. சாது, நெருங்கி நிற்கும், 2 அடித் தொட்டியில் பத்து வைக்கலாம், 27, 28 பாகை வரை பரவாயில்லை. மென் நீர் விரும்பினாலும் நியோன் அளவுக்கு நொய்மையில்லை. குழாய்த் தண்ணீர்க்காரர் முதல் கூட்டமாக வாங்க நான் கார்டினலுக்கும் முன்னால் இதைத்தான் சொல்வேன்.

பிளக் விடோ டெட்ரா. டெட்ராக்களில் முரடு. கிணற்றுத் தண்ணீரிலும் சமாளிக்கும். நீளவால் மீனைக் கொஞ்சம் கொத்தும். இளஞ்சிவப்பு, ஊதா, பச்சை என்று மிட்டாய் நிறத்தில் விற்பவற்றில் பல சாயம் ஏற்றியவை. சில மாதத்தில் நிறம் போகும், அந்த வதையில் மீனும் பலவீனப்படும். கறுப்பையே வாங்குங்கள்.

போசமணி ரெயின்போ. கிணற்றுத் தண்ணீரைக் குறை சொல்லியே பழகிய எனக்கு இந்த மீன் ஒரு ஆறுதல். இந்தோனேசியாவின் பப்புவாப் பக்கத்து அயமாரு ஏரிகள் இதன் ஊர். அந்தத் தண்ணீர் கடினமும் காரமும், சூடும் 27க்கு மேல்தான். முன்பாதி நீலம், பின்பாதி செம்மஞ்சள். குட்டியாக வாங்கும்போது சாம்பல் நிறத்தில் இருக்கும், நிறம் ஏற ஒரு வருடம்கூட ஆகும், அதுவரை வீட்டில் எல்லோரும் உங்களைக் கேலி செய்வார்கள். 10 சென்ரிமீற்றர் வரை வளர்வதால் 4 அடித் தொட்டி வேண்டும். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 250 லீற்றருக்கு மேல். தண்ணீர் மட்டுமே கால் தொன் பாரம். மேசையில் வைக்கும் வேலை இல்லை, சீமெந்துத் தளத்தில் இரும்புச் சட்டம் வேண்டும். கிழமைக்கு ஐந்தாறு வாளி தண்ணீர் மாற்றவும் முதுகு வேண்டும்.

கொரிடோராஸ். மேலே எந்தக் கூட்டம் போட்டாலும் அடியில் இது ஆறு. மிச்ச இரையைத் தின்னும் என்று வாங்குகிறார்கள். அப்படி விட்டால் பட்டினி கிடக்கும், அமிழும் இரை தனியாகப் போட வேண்டும். கூரான கல் மீசையைத் தேய்த்துவிடும், மணல் தேவை. இங்கேதான் ஒரு பொறி: கடற்கரை மணலை அள்ளிவந்து போடாதீர்கள். அதில் சிப்பித் தூள், உப்பு எல்லாம் உண்டு, தண்ணீர் தானாகவே கடினமாகும். ஆற்று மணலைக் கழுவி, ஒரு பிடியில் வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அந்த மணலும் வேண்டாம். கொரி உப்பையும் தாங்காது. வெள்ளைப் புள்ளி நோய்க்கு உப்புப் போடும் வைத்தியத்தை இது இருக்கும் தொட்டியில் செய்ய வேண்டாம்.

தண்ணீர் உப்புக் கரிக்கிறதென்றால்? இந்தப் பட்டியலில் ஒன்றும் வேண்டாம். மொலியும் கப்பியும் வையுங்கள். மொலி உவர் நீரிலேயே வாழக்கூடியது. அலையாக ஓடாது, ஆனால் பதினைந்து மொலி நின்றால் தொட்டி வெறுமையாகத் தெரியாது. ஆண் ஒன்றுக்கு இரண்டு மூன்று பெண் விடுங்கள். ஆறு மாதத்தில் குட்டிகளை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் உங்கள் கவலையாக இருக்கும்.

## ஒரே பார்வையில்

| மீன் | தொட்டி | எத்தனை | கடினக் கிணற்று நீர் | 30 பாகைச் சூடு | சொல்லாத செலவு |
|---|---|---|---|---|---|
| நியோன் | 2 அடி | 10 | ஆகாது | ஆகாது | மழைத்தண்ணீர், ஃபேன் |
| கார்டினல் | 2 அடி | 10 | ஆகாது | ஓரளவு தாங்கும் | மழைத்தண்ணீர் |
| செரி பார்ப் | 2 அடி | 9 | மிதமென்றால் சரி | நெடுநாள் ஆகாது | செடி, விளக்கு |
| சீப்ரா | 3 அடி | 10 | சரி | தாங்கும் | இறுக்கமான மூடி |
| டைகர் | 3 அடி | 12 | மிதமென்றால் சரி | ஓரளவு தாங்கும் | மற்ற மீன் வைக்க முடியாது |
| ஹார்லிகுயின் | 2 அடி | 10 | கலந்தால் சரி | கஷ்டம் | கொஞ்சம் மழைத்தண்ணீர் |
| போசமணி | 4 அடி | 8 | நன்று | நன்று | தொட்டி, சட்டம், முதுகு |

எந்த மீன் என்றாலும் பற்றரியில் ஓடும் எயார் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். மாரிக் காற்றில் மரம் விழுந்து கரண்ட் போனால் இரவு முழுக்க வராமலிருக்கும். நிறைய மீன் உள்ள தொட்டியில் விடியுமுன் எல்லாம் மேலே வந்து வாய் பிளக்கும்.

## வாங்கப் போகும்போது

தொட்டியில் தண்ணீர் நிரப்பிய அன்றே மீன் வாங்காதீர்கள். கழிவைத் தின்னும் பக்டீரியா வளர நாலு முதல் ஆறு கிழமை வேண்டும். பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பாவித்த ஸ்பொஞ் ஒன்று கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டருக்குள் செருகினால் அந்தக் காலம் குறையும். அப்படியும் பத்தையும் ஒரே நாளில் விடாமல் ஐந்து, பிறகு ஐந்து.

கொழும்பிலிருந்து இரவுப் பஸ்ஸில் பையில் வந்த மீனை அன்றைக்கே எடுப்பதும் நல்லதல்ல. "எப்ப வந்தது?" என்று கேளுங்கள். ஒரு கிழமை கடையில் நின்று பிழைத்த மீனே போதும், அதற்கு நம் ஊர்த் தண்ணீரும் கொஞ்சம் பழகியிருக்கும். இரை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தனியாக ஒதுங்கி நிற்பது, செட்டையை உடம்போடு ஒட்டிவைத்திருப்பது வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு தொட்டித் தண்ணீரைச் சின்னக் கப்பால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பைக்குள் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். நான் அன்றைக்கு இந்த ஒரு மணி நேரத்தைச் செலவழிக்கவில்லை.

மருமகன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஓட்டு வீடு, குழாய்த் தண்ணீர் உண்டு, கிணறு கேத்தலில் படை விடுகிற இரகம். தொட்டியை ஜன்னலோரம் வைத்திருந்தான். தங்கை சொன்ன மூலைக்கு இருவருமாகத் தூக்கி மாற்றினோம். டைகரை அவனாகவே விட்டுவிட்டான், ஏனென்றால் அவன் தங்கச்சிக்குக் கப்பி வேண்டுமாம். நியோனை விட மனமில்லாமல் அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். இப்போது தொட்டியில் மூன்று ஆணும் ஆறு பெண்ணுமாக ஒன்பது செரி பார்ப். மணல் கழுவி முடிந்ததும் அடுத்த மாதம் கொரி ஆறு.